மஞ்சள் விளக்கு சொல்லும் கணக்கு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன மாதம் தவணைப் புத்தகம் பார்த்தபோது ஒரு உறுப்பினர் பணம் கட்டவில்லை. குத்தம்பாக்கம் பக்கத்துக் குழு. பாக்கி வைத்தே பழக்கமில்லாதவர். கோயம்பேட்டில் பூ எடுத்து வந்து திருமழிசை, நசரத்பேட்டை தெருக்களில் விற்கிறவர். கேட்டதற்கு, "வண்டியில கம்ப்யூட்டர் போச்சாம்க்கா, 8,000 ஆகுமாம்"னு சொன்னாங்க. சங்கக் கடனில் வாங்கிய பழைய ஸ்கூட்டர்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். வண்டி நன்றாக ஸ்டார்ட் ஆகிறது. மழைத் தண்ணீரில் ஓட்டிய மறுநாள் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு பட்டறையில் அதைப் பார்த்தவுடனே விலை சொல்லிவிட்டார்கள். பயந்துபோய் இவர் வண்டியை மூடி வைத்துவிட்டார்.

அந்த விளக்கு சும்மா எரிவதில்லை. வண்டிக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் தனக்கு வந்த கோளாறை ஒரு எண்ணாக எழுதி வைத்துக்கொண்டு நம்மைக் கூப்பிடுகிறது. வெளிநாட்டுப் பழைய கார்களில் இது 1980களிலேயே வந்துவிட்டது. அமெரிக்காவின் கார்வெட் என்ற ஓட்டப்பந்தய ரகக் காரில், 1990களில் வந்தவற்றில், மீட்டரிலேயே எண் தெரியும். அதற்கு முந்தியவற்றில் விளக்கு மினுக்கும், எண்ணிக்கொள்ள வேண்டும். நம் ஊரில் 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகுதான் புது ஸ்கூட்டர், மொபெட் எல்லாவற்றிலும் இந்த விளக்கு வந்தது. 2018ல் அரசு மானியத்தில் வாங்கிய ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டி, அதில் தேடாதீங்க.

எண்ணுவது எப்படி? ஹோண்டா முறையைச் சொல்கிறோம். நீளமாக ஒரு தடவை எரிந்தால் 10. சட்டென்று மினுக்கினால் 1. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் 12, அது பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரைப் பற்றிய புகார். 7 இன்ஜின் சூடு. 9 உள்ளே இழுக்கும் காற்றின் சூடு. மற்ற கம்பெனிகளுக்குக் கணக்கு வேறு. பல புது வண்டிகளில் விளக்கு மினுக்காமல் விடாமல் எரியும். அப்போது மெக்கானிக் ஒரு பிளக்கில் இணைப்பு கொடுத்தால்தான் மினுக்கும், இல்லை என்றால் ஸ்கேனர் மாட்ட வேண்டும். அதை நாம் செய்ய வேண்டாம், வயரை மாற்றிப் பிடித்தால் நிஜமாகவே கம்ப்யூட்டர் போய்விடும். எண்ணை மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்க. லோடு வண்டி, கார் வைத்திருப்பவர்களுக்கு ஸ்கேனரில் 'பி 0113' மாதிரி வரும். அதுவும் இந்தக் காற்றுச் சூட்டுப் புகார்தான்.

நம்ம தோழியின் வண்டியை வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய், இணைப்புப் போடச் சொல்லி, நாங்கள் மூன்று பேரும் எண்ணினோம். குட்டையாக 9. (ஒருத்தர் 8 என்றார். மறுபடி எண்ணினோம்.) அந்த சென்சாருக்குப் போகிற பிளக்கைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பூத்திருந்தது. துடைத்து, காயவைத்து, எண்ணை அழித்து, 200 ரூபாய் வாங்கினார். விளக்கு வரவில்லை.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. எண் வந்ததும் "அந்த சென்சார் போச்சு" என்று புதுசு வாங்கக் கூடாது. எண் சொல்வது புகார் எந்தப் பக்கம் என்பதைத்தான். சென்சாராகவும் இருக்கலாம், எலி கடித்த வயராகவும் இருக்கலாம், ஈரம் பட்ட பிளக்காகவும் இருக்கலாம். அதனால் எண்ணை எழுதாமல் அழிக்க விடாதீங்க. அழித்துவிட்டால் யார் சொன்னது சரி என்று பார்க்கவே முடியாது.

சிவப்பு விளக்கு வேறு கதை. காரில், லோடு வண்டியில் எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துங்க. எண்ணிக்கொண்டு நிற்காதீங்க.

பழைய வண்டிக்குக் கடன் கேட்கிறவர்கள் இன்னொன்றும் பார்க்கணும். சாவியைத் திருப்பினதும் மஞ்சள் விளக்கு எரிந்து, கொஞ்ச நேரத்தில் அணையணும். சில வண்டிகளில் ஸ்டார்ட் ஆன பிறகு அணையும். எரியவே இல்லையென்றால், பல்பு போயிருக்கலாம் அல்லது விற்கிறவர் விளக்கைத் துண்டித்திருக்கலாம்.

அடுத்த கூட்டத்துக்கு வண்டியில் வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு வாங்க. ஆவடியிலிருந்து அந்த மெக்கானிக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.