தூக்குநூலும் தொலைநோக்கியும்



இங்கிலாந்தில் பிஸ்லி என்றொரு ஊர். 1890 முதல் அங்கே துப்பாக்கி சுடும் போட்டிகள் நடக்கின்றன. 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் தொலைவில் உள்ள இலக்கையும் சுடுகிறார்கள். மறையுரையில் துப்பாக்கியா என்று முகம் சுளிக்க வேண்டாம். மயிரிழையும் தவறாமல் கவண் எறிந்த 700 இடக்கை வீரர்களைப் பற்றி நீதித் தலைவர்கள் நூல் சொல்கிறது. அங்கே குறி தவறுவதற்கு வரும் எபிரேயச் சொல்தான் பாவம் செய்வதற்கும் வருகிறது.

துப்பாக்கியின் மேல் தொலைநோக்கியைப் பொருத்தும்போது, அதற்குள் தெரியும் குறுக்குக் கம்பிகளில் ஒன்று செங்குத்தாக நிற்க வேண்டும். ஒரு பாகை சாய்ந்திருந்தால் 100 கெஜத்தில் தெரியவே தெரியாது. குண்டு நடுவில்தான் படும். 1000 கெஜத்தில்தான் வினை. அங்கே போய்ச் சேருவதற்குள் குண்டு 10 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்துவிடும். அதை ஈடுகட்டத் திருகைத் திருப்பி உயர்த்துவார்கள். கம்பி சாய்ந்திருப்பதால், உயர்த்த உயர்த்தக் குண்டு பக்கவாட்டிலும் விலகும். ஒரு பாகைக்குச் சுமார் 17 சென்டிமீட்டர். சுடுபவரோ காற்றைக் குறை சொல்வார். அவர் கண் அந்தச் சாய்வுக்குப் பழகிவிட்டது. ஆகவே கண்ணை நம்பாமல், எதிரே தொலைவில் ஒரு தூக்குநூலைத் தொங்கவிடுகிறார்கள். துப்பாக்கியை ரசமட்டம் வைத்து நிறுத்தி, கம்பி நூலோடு ஒன்றும்வரை தொலைநோக்கியைச் சுழற்றி, பிறகே திருகாணிகளை முடுக்குகிறார்கள். நம் ஊர்க் கொத்தனாருக்கு இது புதிதல்ல.

இறைவாக்கினர் ஆமோஸ் கண்ட காட்சியிலும் ஆண்டவர் கையில் தூக்குநூலே இருந்தது. இஸ்ரயேல் அப்போது செழிப்பாக இருந்தது. விழாக்களுக்கும் பலிகளுக்கும் குறைவில்லை. அருகில் நின்று பார்த்தால் எல்லாம் சரி.

முன்பு வேறொரு பங்கில், நிலத்தகராறில் பிரிந்த அண்ணன் தம்பியைச் சேர்த்துவைக்க, பொறுப்பிலிருந்த நாங்கள் சிலர் முயன்றோம். அண்ணன்தான் முதலில் வந்து அழுதார். அவர் சொன்னதை வைத்தே நடுநிலை என்று ஒரு கோடு போட்டுக்கொண்டோம். ஆறு மாதம் அலைந்தோம். நாங்கள் பேசப் பேசத் தம்பி விலகிப் போனார். பிடிவாதக்காரர் என்று சொல்லிக்கொண்டோம். பத்திரத்தை ஒருமுறைகூட வாங்கிப் பார்க்கவில்லை. அவர் திருப்பலிக்கு வருவதையே நிறுத்திவிட்டார்.

ஒப்புரவு அருளடையாளத்துக்கு முன் நம் பாவங்களை எண்ணுகிறோம். எதை நேர் என்று வைத்துக்கொண்டு எண்ணினோம் என்று பார்க்கிறோமா? நாங்கள் பார்க்கவில்லை.

சென்ற வாரம்தான் அந்தப் பத்திரம் கைக்கு வந்தது. தம்பி சொன்னதே சரி. வரும் சனிக்கிழமை அவர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறோம். கதவைத் திறப்பாரோ என்னவோ. செபித்துக்கொள்ளுங்கள்.