வாழ இனிய நாடு எது?

(அறநிலையத்தின் ஆண்டு விழாவில் நன்கொடையாளர் முன்னிலையில் ஆற்றிய உரை)



"ஆசிரியர் ஐயா, இந்த ஆண்டு நீங்கள் போய்ப் பார்த்து வந்த வெளிநாட்டைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் பேசியவன் நான். மணி அடித்தால்தான் நிறுத்திப் பழக்கம். இங்கே மணி குருக்கள் கையில் இருக்கிறது. அவர் அடித்ததும் முடித்துக்கொள்கிறேன்.

என் மகளும் மருமகனும் வேலை நிமித்தமாகச் சில ஆண்டுகள் டென்மார்க் நாட்டில் இருந்தார்கள். 2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் நானும் என் துணைவியாரும் அங்கே போய் நாற்பது நாள் தங்கினோம். சிறிய நாடு. மக்கள் தொகை ஏறத்தாழ 60 லட்சம். பரப்பளவு சுமார் 43,000 சதுர கிலோமீட்டர். நம் பகாங் மாநிலத்தைவிடச் சற்றுப் பெரியது. மலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. இருப்பதில் உயரமான மேடே 171 மீட்டர்தான். கோலாலம்பூர் கோபுரத்தில் பாதிகூட இல்லை. தங்கச் சுரங்கம் இல்லை, ஈயச் சுரங்கம் இல்லை. கோடையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கிறது. டிசம்பரிலோ மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்றார்கள்.

ஒரு நாள் கிராமப் பக்கம் காரில் போனோம். சாலை ஓரத்தில் ஒரு மேசை. அதன் மேல் உருளைக்கிழங்குப் பைகள், ஸ்ட்ராபெரிப் பெட்டிகள். விலை எழுதிய அட்டை ஒன்று, பணம் போட ஒரு சிறு டப்பா. ஆள் இல்லை. மருமகன் இறங்கிப் போய் ஒரு பையை எடுத்துக்கொண்டு டப்பாவில் பணத்தைப் போட்டார். நான் சுற்றிலும் பார்த்தேன். வீடு எங்கோ தொலைவில் இருந்தது.

"யாரும் பார்க்கவில்லையே, சும்மா எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்களா?" என்று கேட்டேன்.

"போகிறவர்கள் போவார்கள் அப்பா. அந்த ஒருவருக்காக மீதி ஒன்பது பேரைச் சந்தேகப்பட வேண்டாம் என்று விவசாயி நினைக்கிறார்" என்றாள் மகள்.

எனக்கு உடனே நம் மண்டபத்துத் தண்ணீர்க் குழாயடி ஞாபகம் வந்தது. அங்கே சொம்பைச் சங்கிலியால் கட்டி வைத்திருக்கிறோம். கட்டச் சொல்லித் தீர்மானம் போட்ட குழுவில் நானும் ஒருவன்.

அன்பர்களே, டென்மார்க் நமக்கு முற்றிலும் அந்நியமான நாடு அன்று. நம்மில் பலருடைய பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி வந்தவர்கள். அந்த நாகைக்குச் சற்று வடக்கே இருக்கிறது தரங்கம்பாடி. 1620இல் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னருடன் உடன்படிக்கை செய்து அந்தக் கடற்கரை ஊரைக் கொடுத்தார். அவர்கள் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. 1706இல் டென்மார்க் மன்னர் அனுப்பிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் அங்கே வந்து தமிழ் கற்று, அச்சகம் வைத்துத் தமிழில் நூல் அச்சிட்டார். 1845இல் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள்.

இன்னும் அருகில் சொல்லட்டுமா? இந்தப் புக்கிட் ரோத்தானில் இருந்து தஞ்சோங் காராங், சிகிஞ்சான், சபாக் பெர்ணம் என்று கடலோரமாகப் போய்ப் பெர்ணம் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் ஊத்தான் மெலிந்தாங். அதற்கு அப்பால் ஜெண்டராட்டா தோட்டம். 1906இல் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க் பொறியாளர் ரப்பர் பயிரிடத் தொடங்கிய தோட்டம் அது. பின்னர் யுனைட்டட் பிளாண்டேஷன்ஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. நம் பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில் 1917இல் முதன்முதலாக வணிக அளவில் செம்பனை நட்ட துரை பிரெஞ்சுக்காரர். ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரைமார் டென்மார்க்காரர். எங்கள் சின்னம்மா வீட்டார் அந்தப் பக்கம் வாழ்ந்தவர்கள். சிறு வயதில் விடுமுறைக்குப் போவேன். தோட்டத்துக்குள் குட்டி ரயில் ஓடும். அந்தத் தோட்டத்தில் மருத்துவமனை, தமிழ்ப்பள்ளி, முதியோர் இல்லம், ரொட்டி சுடும் இடம் என்று ஒவ்வொன்றாக ஏற்பட்டன. "அந்தப் பக்கத்துச் சனங்களுக்கு நல்ல துரை வாய்த்தார்" என்று எங்கள் லயத்தில் பெருமூச்சு விடுவார்கள்.

நல்ல துரை வாய்ப்பது பாக்கியந்தான். மறுக்கவில்லை. ஆனால் டென்மார்க் நாட்டுக்கே போய்ப் பார்த்த பிறகு எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. அந்த நாட்டுக் குடியானவர்களுக்கு நல்ல துரையாக வாய்த்தவர் யார்?

யாரும் இல்லை என்பதுதான் அவர்களுடைய சரித்திரம். 1788 வரையில் அங்கேயும் குடியானவன் பிறந்த பண்ணையை விட்டு வெளியேறச் சுதந்திரம் இல்லாமல் கட்டுண்டு கிடந்தான். 1864இல் ஒரு போரில் தோற்று, நாட்டின் பெரும் பகுதியைப் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் இழந்தார்கள். அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் இருந்தும் ரஷ்யாவில் இருந்தும் மலிவான தானியம் ஐரோப்பாவுக்கு வந்து குவிந்தது. கோதுமையை நம்பி இருந்தவன் தலையில் துண்டு விழுந்தது.

அப்போது அவர்கள் மாட்டுப் பக்கம் திரும்பினார்கள். பாலில் இருந்து வெண்ணெய் எடுக்கும் இயந்திரம் விலை அதிகம். இரண்டு மாடு வைத்திருப்பவன் எப்படி வாங்குவான்? 1882இல் ஹெட்டிங் என்ற சிற்றூரில் விவசாயிகள் கூடிக் கூட்டுறவுப் பால்பண்ணை ஒன்றைத் தொடங்கினார்கள். எல்லாருடைய பாலும் ஒரே இடத்துக்கு வந்தது. கடனுக்கு எல்லாரும் சேர்ந்து பொறுப்பு ஏற்றார்கள். வெண்ணெய் எடுத்த பின் மிஞ்சிய பாலைப் பன்றிக்கும் கன்றுக்கும் ஊற்ற அவரவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். லாபம், தந்த பாலுக்கு ஏற்பப் பிரிந்தது. ஆனால் ஓட்டு? ஐம்பது மாடு வைத்திருப்பவனுக்கும் ஒன்று, இரண்டு மாடு வைத்திருப்பவனுக்கும் ஒன்று. ஓட்டு மனிதத் தலைக்கு, மாட்டுத் தலைக்கு அன்று. சுமார் இருபது ஆண்டுகளில் இப்படிப்பட்ட பால்பண்ணைகள் ஆயிரத்தை எட்டின.

இவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதற்கு முன்பே ஒரு விதை விழுந்திருந்தது. குருண்ட்விக் என்ற சமய அறிஞர், படிப்பு பட்டணத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது அன்று, குடியானவனின் வளர்ந்த பிள்ளையும் உட்கார்ந்து பேசவும் கேட்கவும் பாடவும் ஒரு பள்ளி வேண்டும் என்று சொன்னார். 1844இல் ரோடிங் என்ற ஊரில் அத்தகைய முதல் மக்கள் பள்ளி தொடங்கியது. பரீட்சை இல்லை, சான்றிதழ் இல்லை. பரீட்சைத் தாள் திருத்தியே கண் மங்கிப்போன எனக்கு இதைக் கேட்கப் பொறாமையாக இருந்தது! அந்தப் பள்ளிகளில் எழுந்து நின்று பேசக் கற்றவர்கள்தாம் பின்னாளில் பால்பண்ணைக் கூட்டத்தில் கணக்கைக் கேட்கவும் கணக்கைச் சொல்லவும் துணிந்தார்கள்.

இன்று அந்த நாட்டில் மருத்துவமனையில் படுத்தால் பில் வருவதில்லை. பல்கலைக்கழகப் படிப்புக்குக் கட்டணம் இல்லை. அவை இலவசமாக வானத்தில் இருந்து விழவில்லை. வரி மிக அதிகம். கடையில் வாங்கும் பொருள்களுக்கே 25 விழுக்காடு வரி. கொடுக்கிறார்கள், ஏனென்றால் கொடுத்த காசு எங்கே போகிறது என்று அவர்களுக்குத் தெரிகிறது. ஊழல் குறைந்த நாடுகளின் பட்டியலில் 2024இலும் டென்மார்க்தான் முதலிடம்.

குறையே இல்லாத நாடு என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே நண்பர்கள் கிடைப்பது கடினம் என்று என் மகளே வருந்தியிருக்கிறாள். மேற்கிந்தியத் தீவுகளில் அவர்களும் அடிமைகளை வைத்துக் கரும்பு வெட்டியவர்கள்தாம். 1848இல் அந்த அடிமைகள் கிளர்ந்து எழுந்த பிறகே விடுதலை கிடைத்தது. நல்லதை எடுத்துக்கொள்ள, முழுவதும் நல்லவர்களைத் தேட வேண்டியதில்லை.

சரி, ஆசிரியர் ஐயா, இதெல்லாம் வெள்ளைக்காரன் செய்வான், நம்மால் ஆகுமா என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. ஆகும். ஆகியிருக்கிறது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கியபோது அவை துண்டு துண்டாக்கப்பட்டன. நம் சனங்கள் வேலையும் வீடும் இழந்து நடுத்தெருவில் நின்றார்கள். அப்போது துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி சேர்த்தால் நாமே தோட்டம் வாங்கலாம் என்றார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். பால்மரம் வெட்டியவர்களின் காசில் வாங்கிய தோட்டம்! என் தகப்பனாரும் ஒரு பங்கு வைத்திருந்தார். அந்தத் தாளைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார். கையெழுத்துப் போடத் தெரியாதவர், ஆனால் "நானும் ஒரு பங்காளி" என்று சொல்லும்போது அவர் முதுகு நிமிரும்.

அதற்கும் முன்னால் நம்மவர்கள் தோட்டத்தில் கூடிச் செய்தது ஒன்று உண்டு என்றால் அது கோயில்தான். லயம் கம்பெனியுடையது, மரம் கம்பெனியுடையது, பெரட்டுக் களம் கம்பெனியுடையது. கோயில் மட்டும் சம்பளத்தில் வெள்ளியும் காசுமாய்ப் பிடித்து நாமே எழுப்பியது. இந்த மண்டபமும் அப்படித்தான். ஆகவே டென்மார்க்கில் நான் பார்த்தது நமக்குப் புதியது அன்று. நாம் பாதியில் விட்டது.

ஒரு சம்பவம் சொல்லி முடிக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் திருவிழா நேரத்தில் ஒரு தம்பி என்னிடம் ஒரு பணப்பையைக் கொண்டுவந்து கொடுத்தான். தலைமுடிக்குச் சாயம் பூசிய பிள்ளை; மோட்டார் சைக்கிளை வைத்துக்கொண்டு வாசலில் நிற்காதே என்று அந்தக் காலையில்தான் நான் அவனைக் கடிந்திருந்தேன். பைக்குள் 340 ரிங்கிட் இருந்தது. ஒலிபெருக்கியில் மூன்று முறை அறிவித்தோம், யாரும் வரவில்லை. உள்ளே நம் அறநிலையத்தின் பத்து ரிங்கிட் நன்கொடை ரசீது ஒன்று மடித்திருந்தது. அதன் எண்ணை வைத்துப் பெயரைக் கண்டுபிடித்தோம். தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு தாய். தொலைபேசியில் அழைத்தபோது அவர் சொன்னார்: "பை விழுந்தது கோயிலிலேயே தெரிந்துவிட்டது ஐயா. போனது போனதுதான், கேட்டு என்ன ஆகப்போகிறது என்று வந்துவிட்டேன்."

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. திருடன் இல்லாத இடத்தில் திருடன் இருக்கிறான் என்று நம்பி வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருக்கிறார். 2025இல் வந்த உலக மகிழ்ச்சி அறிக்கையில் ஃபின்லாந்து முதலிடம், டென்மார்க் இரண்டாமிடம். அந்த அறிக்கை சொன்ன ஒரு செய்தி: தொலைந்த பணப்பை திரும்பி வரும் என்று நம்புகிறவர்களே வாழ்க்கையில் அதிக நிறைவோடு இருக்கிறார்கள். இன்னொன்றும் சொன்னது: மக்கள் எதிர்பார்ப்பதைவிட அதிகமான பணப்பைகள் உண்மையில் திரும்பி வருகின்றன. நம் கோயிலில் அது நடந்தே இருக்கிறது.

எனவே நிர்வாகக் குழுவின் முன்னிலையில் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன். ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவுக் கணக்கை வாசல் பலகையில் ஒட்டுவோம். பத்தாயிரம் தந்தவருக்கும் பத்து ரிங்கிட் தந்த அந்தத் தாய்க்கும் கேள்வி கேட்கும் உரிமை ஒன்றாகவே இருக்கட்டும். இரண்டு, அடுத்த ஆண்டு அன்னதானப் பொறுப்பை, பணத்தோடும் கணக்குப் புத்தகத்தோடும் சேர்த்து, பெண்களும் இளைஞர்களும் கொண்ட ஒரு குழுவிடம் கொடுப்போம். பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் போய்விடுகிறார்கள் என்று குறைப்படுகிறோம். இருந்தவரையில் பாய் விரிக்கவும் நாற்காலி அடுக்கவும் தவிர வேறு எதற்கு அவர்களைக் கூப்பிட்டோம்? மூன்று, வாரத்தில் ஓர் இரவு இந்த மண்டபத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கட்டும். சேமநிதி, சொக்சோ, வங்கிக் கடன், தொலைபேசி மோசடி எல்லாம் பேசுவோம். பரீட்சை கிடையாது என்று உறுதி சொல்கிறேன். சம்பளம் இல்லாமல் நானே வருகிறேன்.

நாட்டை இனியதாக்குவது நம் கையில் முழுவதும் இல்லை. இந்த மண்டபம் நம் கையில் இருக்கிறது.

நாளைக் காலை குழாயடிச் சொம்பின் சங்கிலியை நானே கழற்றப் போகிறேன். சொம்பு காணாமற் போனால் அடுத்த சொம்பு என் செலவு. அதுவும் போனால் அதற்கடுத்ததும் என் செலவு. எத்தனை போகிறது என்று அடுத்த ஆண்டு இதே மேடையில் கணக்குச் சொல்கிறேன்.