படுக்கைக்கு முன்னே ஒரு படம்



அட்டை கையிலே இருக்கிறது. கட்டி வயிற்றிலே இருக்கிறது. அறுத்தெடுக்க ஆகும் செலவை, ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு ஐந்து லட்ச ரூபாய் வரை, அரசு ஏற்கும் என்கிறது அட்டை. ஆனால் அந்தக் கட்டி எங்கே இருக்கிறது, எத்தன்மையது, எவ்வளவு தூரம் வேரோடியிருக்கிறது என்று படத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு மருத்துவர் வேண்டுமே! அட்டையை ஏற்றுக்கொள்ளும் அந்த மருத்துவரை எங்கே தேடுவது? இந்தக் கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

வள்ளுவப் பெருந்தகை மருத்துவனுக்கு ஒரு வரிசை வகுத்தார். முதலில் நோய் இன்னதென்று அறி. பிறகு அது எதனால் வந்ததென்று அறி. அதன் பின்னரே தணிக்கும் வழியைத் தேடு என்றார். நம் நாட்டுக் காப்பீடோ, பெரும்பாலும், வரிசையின் கடைசியில் போய்ப் பணப்பையோடு நிற்கிறது. முதற்படியிலே நிற்கும் ஏழையைப் பார்த்து, "நீயாக ஏறி வா!" என்கிறது.

2018 செப்டம்பரில் மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் விதியைப் பாருங்கள். மருத்துவமனையில் சேர்ந்தால் செலவு உண்டு. சேர்வதற்கு முந்திய 3 நாள் செலவும் உண்டு. வீடு திரும்பிய பின் 15 நாள் செலவும் உண்டு. நல்லது, வரவேற்போம். ஆனால் சேராதவனுக்கு? மூன்று வாரமாக வயிற்று வலி. "ஸ்கேன் எடுத்து வா, பிறகு சேர்ப்பதா வேண்டாமா என்று சொல்கிறேன்" என்கிறார் டாக்டர். சேர்வதற்கு ஸ்கேன் வேண்டும். ஸ்கேனுக்குப் பணம் கிடைக்கச் சேர்ந்திருக்க வேண்டும்! கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் என்றானாம். அந்தக் கதைதான் இது!

நாடகம் எழுதுகிறவன் நான். இதை ஒரு காட்சியாகவே காட்டுகிறேன். தனியார் ஸ்கேன் நிலையம். கண்ணாடிக் கதவு. உள்ளே குளுமை, வெளியே நெசவாளி.

"அட்டை கொண்டு வந்திருக்கிறேன், ஐயா."

"அட்டை ஆபரேஷனுக்கு, படத்துக்குப் பணம்!"

"படம் எடுத்தால்தானே ஆபரேஷன் என்கிறார்கள்?"

"அது டாக்டரைக் கேள்."

"டாக்டர்தானே இங்கே அனுப்பினார்?"

"அப்படியானால் பணத்தையும் அவரையே கேள்! அடுத்தவர் யார்?"

திரை விழுகிறது. மேடையிலே என்றால் கைதட்டல் எழும். வாழ்விலே, மனைவியின் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. அல்லது படமெடுப்பது தைப் பொங்கலுக்குப் பிறகு என்று தள்ளிப் போகிறது. கட்டி மட்டும் தள்ளிப் போவதில்லை. அது நாள் பார்ப்பதுமில்லை, நட்சத்திரம் பார்ப்பதுமில்லை!

படமெடுத்தால் போதுமா? போதாது, தோழர்களே. எந்திரத்தை இயக்குபவர் ஒருவர். படத்தைப் படித்துப் பொருள் சொல்பவர் மற்றொருவர். அவர்தான் கதிரியல் மருத்துவர். நோயாளி பெரும்பாலும் அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை. ஆனால் அவர் எழுதும் நாலு வரியிலேதான் நோயாளியின் நாளை இருக்கிறது. அத்தகையோர் நம் நாட்டிலே போதவில்லை. இருப்பவர்களும் பெருநகரங்களிலே குவிந்திருக்கிறார்கள். எந்திரம் வந்து இறங்கிய ஊரிலே படிக்க ஆளில்லை என்றால், அது எழுத்தறியாதான் வீட்டு ஏடு!

அவர்களை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட மாட்டேன். கோடிக்கணக்கில் கடன் வாங்கி எந்திரம் வாங்குகிறார்கள். காப்பீடு தரும் கட்டணம் குறைவு என்கிறார்கள். அதுவும் காலத்தில் வருவதில்லை என்கிறார்கள். இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே, 1965-இல் ஏழைகளுக்கென்று மெடிக்கெய்ட் என்னும் திட்டத்தை ஏற்படுத்தினார்கள். கட்டணம் குறைவு என்று கூறி அதை ஏற்க மறுக்கும் மருத்துவர்கள் அங்கே இன்றும் உண்டு. பிரிட்டனிலோ, சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கி உழைத்த அனூரின் பெவான், சுகாதார அமைச்சராகி, 1948 ஜூலை 5-இல் தேசிய சுகாதாரப் பணியைத் தொடங்கி வைத்தார். அங்கே காத்திருப்போர் வரிசை நீளம்தான், ஆனால் வரிசையில் நிற்பவனை, "பணம் எங்கே?" என்று கேட்பாரில்லை.

நம் தமிழகத்தின் கணக்கு என்ன? 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-இல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2022-இல் அதைப் புதுப்பித்தபோது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய் வரை உள்ள குடும்பங்களுக்கு உரிமை உண்டு என்றார்கள்; பட்டியலிலே நோயறியும் பரிசோதனைகளும் இடம்பெற்றன. அரசின் மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளிலே ஸ்கேன் நிலையங்கள் நடத்தி, சி.டி. ஸ்கேனுக்கு 500 ரூபாய், எம்.ஆர்.ஐ.க்கு 2,500 ரூபாய் என்ற அளவிலேயே நெடுங்காலம் கட்டணத்தை வைத்திருந்தது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலே பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. வழியில்லாத நாடல்ல இது; வழி தெரியாமல் மக்கள் தவிக்கும் நாடு!

அங்கேதான், படிக்கும் தோழரே, உமக்கு வேலை இருக்கிறது. உம் தெருவிலே ஒருவர், "ஸ்கேன் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்" என்று கலங்கினால், ஆறுதல் சொல்லிவிட்டு நகராதீர். முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லும். காப்பீட்டுக்கென்று அமர்ந்திருக்கும் பணியாளரிடம், "இந்தப் பரிசோதனை பட்டியலில் உண்டா? எந்த நிலையத்தில் எடுக்கலாம்?" என்று கேளும். 1800 425 3993 என்ற கட்டணமில்லாத எண்ணிலும் கேட்கலாம். அட்டை இல்லையென்றால், வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டு ஆட்சியர் அலுவலகத்துக்கு அவரோடு நடந்து செல்லும். உம் வட்டத்திலே எந்தெந்த நிலையம் அட்டையை ஏற்கிறது என்று விசாரித்து, ஒரு தாளில் எழுதி, கிளை மன்றத்தின் சுவரிலே ஒட்டி வையும். தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரிக்கத் தெரிந்த நமக்கு, உயிர் காக்கும் பட்டியல் தயாரிக்கத் தெரியாதா?

ஆட்சியில் இருப்போர் யாராயினும் அவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை இவை. படுக்கையில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும், அரசு மருத்துவர் எழுதிக் கொடுத்த ஸ்கேனுக்குக் காப்பீடு வேண்டும். கட்டணம் நியாயமாகவும் காலத்திலும் வழங்கப்பட வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளிலே காலியாகக் கிடக்கும் கதிரியல் மருத்துவர் இடங்களை நிரப்ப வேண்டும். நிரப்பும் வரை படத்தைக் கணினி வழியே அனுப்பி அன்றே படித்துச் சொல்ல ஏற்பாடு வேண்டும். அட்டை ஏற்கப்படுமா என்பதை ஒவ்வொரு ஸ்கேன் நிலைய வாயிலிலும் தமிழிலே எழுதி வைக்க வேண்டும்.

1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தான் ரான்ட்ஜன். காப்புரிமை கேட்டிருந்தால் செல்வம் குவிந்திருக்கும். கேட்க மறுத்தான், உலகுக்கே உரியது என்றான். உலகுக்கென்று அவன் விட்டுச்சென்ற ஒளி, நம் நெசவாளியின் வீட்டுக்கு மட்டும் வராமல் கண்ணாடிக் கதவுக்கு உள்ளேயே நிற்பதா?

கதவைத் தட்டுவோம், திறக்கும் வரை தட்டுவோம்.