நூறு முழவு விழா

கூட்டமாக ஆடும் ஆட்டங்கள் நம் நாட்டில் எண்ணற்றவை. அவற்றில் வட்டமாக நின்று ஆடுவது ஒரு வகை. வரிசையாக நின்று ஆடுவது மற்றொரு வகை. வட்டத்தில் ஆடுவோர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். அடி தவறினால் எதிரே நிற்பவரைக் கண்டு சரிசெய்துகொள்ளலாம். வரிசையில் அந்த வசதி இல்லை. பக்கத்தில் நிற்பவரின் தோள் அசைவும், காலடி ஓசையும், தாளமுமே துணை. ஒருவர் பிசகினால் வரிசை முழுவதும் அலைபோல் கலைந்துவிடும். ஆகவே தனி மனிதரின் திறமையைக் காட்டிலும், பலர் ஒரு மனத்தினராய் நிற்பதே இதற்கு முதல் தேவை.

இத்தகைய வரிசை ஆட்டங்களுள் சிறப்பு வாய்ந்த ஒன்றை, மேகாலயாவின் மேற்குப் பகுதியில் உள்ள காரோ மலைநாட்டில் காணலாம். வங்காலா என்பது அதன் பெயர். 1996 முதல் 1998 வரை மக்களவைத் தலைவராக இருந்த பி. ஏ. சங்மா அவர்களின் தாயகம் இம்மலைநாடு என்றால் நேயர்களுக்கு எளிதில் நினைவுக்கு வரும். அங்கே துரா என்னும் நகரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில் அசானாங் என்ற ஊர் இருக்கிறது. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் அவ்வூர் மைதானத்தில் நூறு முழவு வங்காலா விழா நடைபெறுகிறது. சில ஆண்டுகளுக்கு முன், கவுகாத்தியில் அலுவல் நிமித்தம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தார் சிலர் ஒன்றுசேர்ந்து, வெள்ளி சனி இரண்டு நாட்களும் அங்கே தங்கி அவ்விழாவைக் கண்டு வந்தோம்.

கவுகாத்தியிலிருந்து பிரமபுத்திராவின் தென்கரையோடு மேற்கே சென்று, கோவால்பாரா மாவட்டத்தில் தெற்கே திரும்பினால் மலைப்பாதை தொடங்குகிறது. மூங்கிற் புதர்களும் பாக்குத் தோட்டங்களும் இருபுறமும் கூடவே வருகின்றன. இம்மலைச் சரிவுகளில் காட்டை வெட்டி, எரித்து, அந்தச் சாம்பலில் நெல்லும் தினையும் மிளகாயும் பருத்தியும் கலந்து விதைப்பது காரோ மக்களின் பழைய உழவு முறை. ஜூம் சாகுபடி என்று இதனைக் குறிப்பிடுவார்கள். காட்டை வெட்டும்போது ஒரு சடங்கு, விதைக்கும்போது ஒரு சடங்கு என்று உழவின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு வழிபாடு இருந்தது. அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்தபின் வரும் நிறைவு விழாவே வங்காலா.

பயிருக்கு உயிர் தந்த மிசி சால்ஜோங் என்னும் தெய்வத்துக்கு நன்றி கூறி வழியனுப்புவது இவ்விழாவின் உட்பொருள். சால்ஜோங் கதிரவனோடு தொடர்புடைய தெய்வம். முதல் நாள் ருகாலா. அன்று ஊர்த் தலைவர் வீட்டில் அரிசியில் வடித்த மதுவைத் தெய்வத்துக்கு ஊற்றிப் படைப்பார்கள். அடுத்தது சாசத் சோஆ, அதாவது தூபமிடுதல். அரிசி மாவை நீரில் கரைத்து வீட்டுத் தூண்களில் விரலால் வெள்ளைப் புள்ளிகள் இடும் வழக்கமும் உண்டு. இதைக் கேட்டபோது எங்களுடன் வந்த தாய்மார்களுக்கு மாக்கோலத்தின் நினைவு வந்தது. கதிரவனுக்குப் புத்தரிசி படைக்கும் பொங்கலை அறிந்தவர்களுக்கு வங்காலாவை விளக்க அதிக நேரம் தேவையில்லை.

ஊர்த் தலைவர் என்று மேலே சொன்னோம். காரோ மொழியில் அவரை நோக்மா என்பார்கள். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு இச்சொல் ஒரு சோதனை. தலைவர் என்றால் பாதிப் பொருளே வருகிறது. காரோ மக்கள் தாய்வழிச் சமூகத்தினர். நிலத்தின் உரிமை பெண்ணின் குலத்தைச் சேர்ந்தது. அந்த நிலத்துக்கு உரியவளை மணந்தவர் என்ற முறையிலேயே நோக்மா நிலத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறார். மனைவியின் பக்கம் நின்று ஊரை நடத்துகிறவர் என்று நீட்டிச் சொன்னால்தான் பொருள் முழுமை பெறும்.

இனி ஆட்டத்துக்கு வருவோம்.

தாமா என்பது நீண்டு குறுகிய மர முழவு. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஆண்கள் ஒரு வரிசையாக நிற்கிறார்கள். தலைப்பாகையில் சேவல் இறகுகள் அசைகின்றன. பூவேலை கரையிட்ட தக்மந்தா ஆடை அணிந்த பெண்கள் மற்றொரு வரிசை. எருமைக் கொம்பில் செய்த ஊதுகருவி ஒலிக்கிறது. வெண்கல வட்டத் தட்டு அதிர்கிறது. முழவு எழுந்ததும் இரு வரிசைகளும் நகரத் தொடங்குகின்றன. துள்ளலோ தாவலோ இல்லை. முழங்காலைச் சிறிது மடக்கி நிமிர்த்திச் சிறு சிறு அடியாக முன்னேறுகிறார்கள். ஆனால் எல்லா முழங்கால்களும் ஒரே நொடியில் மடங்கி ஒரே நொடியில் நிமிர்வதால், மைதானமே மூச்சு விடுவது போல் தோன்றுகிறது.

இவ்விழாவில் பத்துக் குழுக்கள் பங்குபெறுகின்றன. ஒரு குழுவுக்கு 30 பேர், 10 முழவுகள். ஆக 300 ஆட்டக்காரர்கள், 100 முழவுகள். குழுக்கள் முதலில் தனித்தனியே ஆடுகின்றன. நிறைவில் பத்தும் ஒன்றாகக் கலந்து நூறு முழவுகளும் சேர்ந்து ஒலிக்கும்போது, ஓசை காதில் கேட்பதற்கு முன் மார்பில் வந்து மோதுகிறது. எங்களுடன் வந்திருந்த சிறுவன் ஒருவன் தரையில் உள்ளங்கையை வைத்து அந்த அதிர்வைத் தொட்டுப் பார்த்தான். அவனைக் கண்டு நாங்களும் அவ்வாறே செய்தோம்.

நீண்ட வரிசை ஆட்டங்களுக்கு நடுவே சிறு ஆட்டங்கள் சில உண்டு. அவற்றில் எங்கள் உள்ளத்தைக் கவர்ந்தவை நான்கு.

சம்பில் மேசா என்பது ஒன்று. சம்பில் என்றால் பம்பளிமாஸ் பழம். ஒரு பழத்தைக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கையால் தொடாமல், இடுப்பின் அசைவு ஒன்றினாலேயே அதனைச் சுழல விடுகிறார் ஆட்டக்காரர். தேர்ந்தவர்கள் இரண்டு பழங்களைக் கட்டிச் சுழற்றுவதும் உண்டு. காலடி தாளத்தை விட்டு விலகாமல் இருக்க, பழம் மட்டும் தன் போக்கில் வட்டமிடுகிறது.

தோக்ரு சுஆ இரண்டாவது. இது புறாக்களின் ஆட்டம். இரண்டு பெண்கள் எதிரெதிரே வந்து, தலையை முன்னும் பின்னும் அசைத்து, ஒன்றையொன்று கொத்தும் புறாக்களைப் போல் ஆடுகிறார்கள். மூன்றாவது அம்பரே ருருஆ. புளிப்புக் காய் காய்க்கும் மரத்தை உலுக்குவதும், உதிர்ந்தவற்றைப் பொறுக்குவதும் இதில் அபிநயமாகின்றன. நான்காவது தோரே காத்தா. ஆடிக்கொண்டே வரும் பெண்கள் தங்கள் தலையால் இடித்து ஆண்களின் தலைப்பாகையைத் தள்ளிவிட முயல்கிறார்கள். தலைப்பாகை விழுந்தால் கூட்டத்தில் ஒரே சிரிப்பு. எங்கள் பெண்டிர் மிகவும் விரும்பிப் பார்த்தது இதைத்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை!

இவ்வளவும் வெகு காலமாக இடையறாது நடந்துவரும் வழக்கம் என்று நேயர்கள் எண்ணலாம். உண்மை அப்படியன்று. 1863-ஆம் ஆண்டில் ஓமேத், ராம்கே என்ற இரு காரோ மக்கள் கவுகாத்தியில் ஞானஸ்நானம் பெற்றனர். அதன்பின் கிறிஸ்தவ சமயம் மலையெங்கும் பரவிற்று. பள்ளிகள் வந்தன, காரோ மொழியில் நூல்கள் வந்தன. சமயம் மாறியோர் மதுப் படையலையும் பலியையும் விட்டு விலகினர். அவற்றோடு பிணைந்திருந்த ஆட்டத்தையும் விட்டனர். இன்று காரோ மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். சோங்சாரெக் எனப்படும் பழைய நெறியில் நிற்போர் மிகச் சிலரே. முழவு பரணுக்குப் போயிற்று. முழவு அடிக்கத் தெரிந்தவர் ஒரு தலைமுறையில் குறைந்து, அடுத்த தலைமுறையில் அரியவராயினர்.

1972-ஆம் ஆண்டு ஜனவரி 21-ஆம் நாள் மேகாலயா தனி மாநிலமாயிற்று. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1976-இல், அசானாங்கில் முதலாவது நூறு முழவு விழா நடந்தது. மறைந்துகொண்டிருந்த ஒன்றைக் காப்பாற்ற வேண்டும் என்று அம்மக்களே கூடி எடுத்த முயற்சி அது.

இதில் ஒரு கேள்வி எழாமல் இல்லை. ஊரில் நடந்த வங்காலாவில் மேடை கிடையாது. பார்வையாளர் என்று தனியாக ஒருவரும் கிடையாது. ஆட்டக்காரர்கள் வீடு வீடாகச் சென்று இரவெல்லாம் ஆடினார்கள். படையல் முதலில், ஆட்டம் பிறகு. அசானாங்கிலோ மைதானம் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது, நம்மைப் போல் வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். வழிபாட்டிலிருந்து பிரித்தெடுத்த ஆட்டம் வெறும் காட்சிதானே என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்வியைத் தள்ளிவிட முடியாது. சால்ஜோங்கை நம்பி ஆடிய காலும், பாட்டனார் ஆடினார் என்பதற்காக ஆடும் காலும் ஒன்றல்ல.

ஆயினும் அங்கே இரண்டு நாள் இருந்து பார்த்தபின் மற்றொரு பக்கமும் எங்களுக்குப் புலப்பட்டது. ஒரு குழுவுடன் வந்திருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் எங்களோடு இந்தியில் உரையாடினார். முப்பது பேரைத் திரட்டுவதே பெரிய வேலை என்றார் அவர். கல்லூரிக்குச் சென்றவர்களையும் வேலைக்குச் சென்றவர்களையும் அழைக்க வேண்டும். மாலை வேளைகளில் முதியவர்கள் வந்து உட்கார்ந்து தாளம் சொல்லிக் கொடுக்க வேண்டும். விழாவன்று மைதானத்தில் நாம் காண்பது சற்று நேர ஆட்டம். அதற்குப் பின்னால் ஓர் ஊர் பல வாரங்கள் கூடியிருக்கிறது. முழவுத் தோலை இழுத்துக் கட்டத் தெரிந்தவரைத் தேடிப் போயிருக்கிறது. பழைய பாட்டின் அடிகளை ஒரு பாட்டி நினைவுகூர்ந்திருக்கிறார். அந்தக் கூடுகை வெறும் காட்சி ஆகுமா?

எல்லைக்கு அப்பால் வங்காள தேசத்திலும் காரோ மக்கள் வாழ்கிறார்கள். அவர்களில் பலர் பிழைப்பை நாடி டாக்கா நகருக்குக் குடிபெயர்ந்தவர்கள். அங்கே ஜூம் நிலமும் இல்லை, களஞ்சியமும் இல்லை. இருந்தும் அந்நகரில் அவர்கள் வங்காலா கொண்டாடுகிறார்கள். விளைச்சல் இல்லாத இடத்தில் அறுவடை விழா எதற்கு என்று அவர்கள் தயங்கவில்லை.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நாம் இதனைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அசானாங்கில் இரண்டாம் நாள் மாலை, எங்களோடு வந்த பெண் ஒருத்தி, கவுகாத்தியிலேயே பிறந்து பத்தாம் வகுப்பில் படிப்பவள், "நம்முடைய ஆட்டம் எது, பெரியம்மா?" என்று கேட்டாள். பெரியம்மா கும்மியைப் பற்றிச் சொன்னார்; கோலாட்டத்தைப் பற்றிச் சொன்னார். மதுரை, திருநெல்வேலிப் பக்கங்களில் கையில் வண்ணத் துணியை வீசிக்கொண்டு வரிசையாக ஆடும் ஒயிலாட்டத்தை மற்றொருவர் விவரித்தார். "நீங்கள் ஆடுவீர்களா?" என்று அவள் அடுத்தபடி கேட்டாள். அங்கிருந்த பதினோரு பெரியவர்களில் கும்மியின் அடியை இறுதிவரை ஆடிக் காட்டக்கூடியவர் ஒருவரே. அவருக்கு வயது 70-க்கு மேல்.

நம் சங்கங்களில் பொங்கல் விழா நடவாமல் இல்லை. ஊரிலிருந்து கலைக்குழுவை வரவழைக்கிறோம்; நாற்காலியில் அமர்ந்து பார்க்கிறோம்; கைதட்டுகிறோம். அது நல்லதுதான், கலைஞர்களுக்கும் அதனால் பிழைப்பு உண்டாகிறது. ஆனால் வரிசை ஆட்டமும் வட்ட ஆட்டமும் பார்ப்பதற்காக ஏற்பட்டவை அல்ல, நிற்பதற்காக ஏற்பட்டவை. காரோ மக்கள் தங்கள் முழவை அடிக்க வேறு ஒருவரையும் அழைக்கவில்லை. தங்கள் பிள்ளைகளையே வரிசையில் நிறுத்தினார்கள்.

கும்மிக்கு மேடை வேண்டாம், வாத்தியமும் வேண்டாம். எட்டுப் பேரும் பதினாறு கைகளும் இருந்தால் போதும். கவுகாத்தியில் நாங்கள் அவ்வாண்டு மார்கழி முதல், ஞாயிறு தோறும் மாலையில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடினோம். அந்த மூதாட்டியே ஆசிரியை. முதல் வாரத்தில் வந்தவர் ஐவர். பொங்கலுக்குள் பதினான்கு பேர் ஆயினர். அவர்களில் அடுத்த வீட்டு அஸ்ஸாமியப் பெண்கள் இருவரும் அடக்கம். அடி இன்னும் ஒன்றாக விழுவதில்லை. ஆனால் எந்த இடத்தில் பிசகுகிறது என்பதை இப்போது எல்லோரும் அறிவார்கள்.

உங்கள் ஊரிலும் அத்தகைய மூதாட்டி ஒருவர் இருப்பார். அவர் வீடு எது என்று விசாரித்து வையுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை சென்று பாருங்கள்.