கத்தி தொடாத சிகிச்சை

ஐப்பசி மழையில் சேர்வராயன் மலைநீர் இரு வகையாக இறங்குவதை ஏற்காட்டில் காணலாம். காப்பித் தோட்டத்து மண்ணில் ஊறி மெல்லக் கசிந்து வருவது ஒன்று. கிளியூர் அருவியாய் ஒரே பாய்ச்சலில் விழுவது மற்றொன்று. மூளையின் குருதியோட்டம் முதல் வகையினது. தமனியிலிருந்து மயிரினும் நுண்ணிய தந்துகிகளிற் பரவி, வேகம் தணிந்த பின்னரே சிரையை அடைகிறது. சிலருக்கோ ஓரிடத்தில் தந்துகிகளே இன்றி, தமனியும் சிரையும் சிக்குண்ட கொத்தாய் நேரே பிணைந்துவிடுகின்றன. அருவியின் வேகத்தை மெல்லிய சிரை எத்தனை நாள் தாங்கும்? ஆண்டொன்றுக்கு நூற்றில் 2 முதல் 4 பேருக்கு அது உடைந்து மூளைக்குள் குருதி பெருகுகிறது.

இதனை நான் ஏட்டில் மட்டும் அறிந்தேனல்லேன். என் மாணவன் ஒருவன், பதினேழு வயதினன், வகுப்பிலேயே வலிப்புக் கண்டு வீழ்ந்தான். அவன் கையில் இரும்புச் சாவியைத் திணித்தவர்களுள் நானும் ஒருவன், வெட்கத்துடன் சொல்கிறேன். பின்னர் எடுத்த படத்தில், பேச்சுக்குரிய பகுதியை ஒட்டி நெல்லிக்காயளவில் அக்கொத்து தெரிந்தது. அங்கே கத்தி வைத்தால் பேச்சுக்கே பழுது நேரலாம்.

மண்டையைத் திறவாமலே மூளையின் ஆழத்தை எட்டவேண்டி, சுவீடன் நாட்டு மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951-இல் கதிர் அறுவை என்னும் கருத்தை வெளியிட்டார். பின்னர் அவர் அமைத்த கருவிக்குக் காமாக் கத்தி என்று பெயர். பெயரில்தான் கத்தி. ஏறத்தாழ இருநூறு கோபால்ட் கதிர்கள் பல திசைகளிலிருந்து வந்து ஒரே புள்ளியிற் கூடுகின்றன. தனித்தனியே அவை வலுவற்றவை. ஆதலின் வழியிலுள்ள மூளை பெரிதும் தப்புகிறது. தில்லி அகில இந்திய மருத்துவ நிலையத்திற்கு இக்கருவி 1997-இல் வந்தது. டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் நாட்டின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கிய வேலூரிலும் கதிர் அறுவை செய்யப்படுகிறது.

மாணவனுக்குச் சிகிச்சை ஒரே நாளில் முடிந்தது. இருபது கொண்டையூசி வளைவுகளும் ஏறி வீடு திரும்பியவனைக் கண்டு, நோய் தீர்ந்தது என்றனர் ஊரார். அங்கேதான் பிழை. கதிர் அக்குழாய்களை உடனே அடைத்துவிடுவதில்லை. அவற்றின் உட்சுவரைப் புண்படுத்துகிறது. அப்புண் ஆறி ஆறிச் சுவர் தடித்து, வழி தானே மூடிக்கொள்ள இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதுவரை உடையும் அபாயம் நீங்குவதில்லை. சிறு கொத்துகளிலும் நூற்றில் எழுபது, எண்பதே முற்றும் மூடும். சிலருக்குச் சுற்றியுள்ள மூளை வீங்குவதும் உண்டு.

இது பதினான்காம் மாதம். "ஐயா, உள்ளே ஏதேனும் நடக்கிறதா? எனக்கொன்றும் தெரியவில்லையே!" என்று சென்ற வாரம் கேட்டான். ஓராண்டுப் படத்தில் கொத்து சற்றுச் சுருங்கியிருந்ததை நினைவூட்டினேன். வலிப்பு மாத்திரையை ஒருவேளையும் தவறவிடுவதில்லை அவன். மூன்றாம் ஆண்டு முடிவில், தமனிக்குள் மருந்து செலுத்தி மற்றொரு படம் எடுப்பார்கள். அதற்காக அவனும் அவன் தாயாரும் நானும் காத்திருக்கிறோம்.