லினக்ஸ் கட்டளைகளும் நமது இளைஞர்களும்

(வெள்ளகோவிலில் கூடிய நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



லினக்ஸ் என்னும் கணினி முறையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் வழியைப் பற்றி, புதிதாகக் கற்போர்க்கு விளங்குமாறு பேசவேண்டும் என்று சங்கத்தார் என்னைப் பணித்தனர். நெல்லும் எண்ணெயும் நூலும் முருங்கையும் விலை பேசப்படும் இவ்வூரில் இவ்விஷயத்திற்கு என்ன இடமுண்டு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். ஆதலின் அதனை முதலில் சொல்லிப் பிறகு கட்டளைகளுக்கு வருகிறேன்.

எழுத்தறியாத குடியானவர் பிறர் எழுதிய பத்திரத்தில் கைநாட்டு வைத்த காலம் ஒன்று இருந்தது. அப்பத்திரத்தில் உள்ளது இன்னதென்பது எழுதியவருக்கே வெளிச்சம். நிலம் போனதும் வட்டி ஏறியதும் பின்னரே தெரியவரும். அந்த நிலை ஒழியவேண்டும் என்றே நம் முன்னோர் பள்ளிக்கூடங்களுக்கும் மாணவர் விடுதிகளுக்கும் பொருளுதவி செய்தனர். இன்றோ பட்டாவும் வரியும் வங்கிக் கணக்கும் ஆலைக் கணக்கும் கணினிக்குள் புகுந்துவிட்டன. படத்தைத் தொட்டுத் திறக்கவும் மூடவும் மட்டும் அறிந்து, உள்ளே நடப்பது இன்னதென்று அறியாதவர், எத்துணைப் பட்டம் பெற்றிருப்பினும் புதிய விதமான கைநாட்டுக்காரரே ஆவர். இக்குறை நம் வீடுகளில் நீங்கவேண்டும் என்பதே என் பேச்சின் கருத்து.

லினக்ஸ் என்பது யாது? 1969-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் முறையை உண்டாக்கத் தொடங்கினர். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார், எவரும் தடையின்றிப் பயன்படுத்தவும், பயிலவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமையுள்ள முறையொன்றைச் சமைக்கப்போவதாக அறிவித்து, அதற்குக் குனு எனப் பெயரிட்டார். 1991-இல் பின்லாந்து தேசத்து ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் பயின்ற 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்கு வேண்டிய உட்கருவை எழுதி வெளியிட்டார். இவையிரண்டும் கலந்ததையே நாம் லினக்ஸ் என்கிறோம். நம் சட்டைப்பையிலுள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கருவும் லினக்ஸே. உலகில் மிக வல்லமை படைத்த 500 கணினிகளைப் பட்டியலிடுவோர், 2017 நவம்பர் முதல் அவை யாவும் லினக்ஸிலேயே இயங்குவதாகக் காட்டுகின்றனர்.

இது நமக்கு அயலான பொருளன்று. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் இதனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் முதலிய இந்திய பாஷைகள் வழங்கும்படி, பாஸ் லினக்ஸ் என்னும் பதிப்பை 2007-இல் வெளியிட்டனர். 2011 செப்டம்பரில் தமிழ்நாட்டு அரசாங்கம் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அவற்றில் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. அவ்வாறு நம் பிள்ளைகள் பெற்று வந்த மடிக்கணினிகளுள் சில இன்றும் பீரோக்களில் உறங்குகின்றன. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14 உடன் நின்றுவிட்டமையால், புதிய விண்டோஸை ஏற்கமாட்டாத பழைய கணினிகளைப் பழைய இரும்புக்குப் போடலாமா என்றும் சிலர் வினவுகின்றனர். அவற்றுள் பலவற்றில் எளிய லினக்ஸ் பதிப்பொன்றை அமைத்துவிட்டால், இன்னும் சில ஆண்டுகள் கற்பதற்கும் கணக்கெழுதுவதற்கும் உதவும். செலவு யாதுமில்லை.

இனிக் கட்டளைகளுக்கு வருவோம். உபுண்டு என்னும் பதிப்பில் கண்ட்ரோல், ஆல்ட் என்னும் இரு விசைகளையும் அழுத்திக்கொண்டு டி என்னும் எழுத்தைத் தட்டினால் டெர்மினல் என்னும் கருஞ்சாளரம் திறக்கும். அதில் டாலர் குறியொன்று நிற்கும். "சொல்லும், கேட்கிறேன்" என்று கணினி காத்திருப்பதன் அடையாளம் அது.

தமிழ்ப் பள்ளியில் பயின்ற பிள்ளைகள் இச்சாளரத்தைக் கண்டதும், "இது ஆங்கிலம் வல்லார்க்கே உரியது" என்று பின்வாங்குகின்றனர். அந்த அச்சம் வேண்டுவதில்லை. யூனிக்ஸ் தோன்றிய நாளில் வழங்கிய தட்டச்சுப்பொறி நொடிக்குப் பத்து எழுத்துகளே அச்சிடும். ஆதலால் கட்டளைகளை இரண்டு மூன்று எழுத்துகளாகச் சுருக்கி வைத்தனர். எல்.எஸ். என்பதும் சி.பி. என்பதும் லண்டனில் பிறந்தவர்க்கும் தாய்மொழியல்ல. அவரும் நம்மைப் போல் புதிதாகவே கற்கவேண்டும். இவ்விஷயத்தில் வெள்ளகோவிலும் லண்டனும் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கின்றன.

நான் எழுத்துகளைத் தமிழில் உச்சரித்துச் சொல்லுவேன். நீங்கள் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளாக, நடுவில் புள்ளியின்றிச் சேர்த்துத் தட்டவேண்டும். லினக்ஸுக்குப் பேரெழுத்து வேறு, சிற்றெழுத்து வேறு. கட்டளை முடிந்ததும் என்டர் விசையை அழுத்துக. தமிழில் வினை இறுதியில் நிற்கும். "கணக்கைக் காட்டு" என்போம். இங்கோ வினை முதலில் வரும். "காட்டு, கணக்கை" என்பது போலாம். வினைக்கும் பொருளுக்கும் நடுவே ஓர் இடைவெளி கட்டாயம்.

முதலாவது, இருக்குமிடம் அறிதல். பி.டபிள்யூ.டி. என்று தட்டினால் நாம் எந்த அறையில் நிற்கிறோம் என்பதைக் கணினி சொல்லும். அறை என்று நான் கூறுவது கோப்புகள் வைக்கும் கோப்புறையை. எல்.எஸ். என்றால் அவ்வறையிலுள்ள பொருள்களைப் பட்டியலிடும். எல்.எஸ். என்பதன் பின் இடைவெளி விட்டு, சிறுகோடிட்டு, எல் என்னும் எழுத்தைச் சேர்த்தால் ஒவ்வொன்றின் அளவும் தேதியும் தெரியும். சி.டி. என்பதுடன் அறையின் பெயரைச் சேர்த்தால் அவ்வறைக்குள் செல்லலாம். சி.டி. இடைவெளி இரண்டு புள்ளி என்றால் வெளியறைக்கு வரலாம். வழி தெரியாமல் எங்குச் சென்றிருப்பினும், சி.டி. என்று மட்டும் தட்டினால் சொந்த வீடு வந்து சேரலாம்.

இரண்டாவது, உண்டாக்குதல். எம்.கே.டி.ஐ.ஆர். இடைவெளி கணக்கு என்று தட்டினால் "கணக்கு" என்னும் பெயரில் புதிய அறை ஒன்று தோன்றும். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். உலக மொழிகளின் எழுத்துகளையெல்லாம் கணினியில் பதிய உதவும் யூ.டி.எப்.-8 என்னும் முறையை 1992-இல் வகுத்தவர்கள் ராப் பைக்கும், யூனிக்ஸைத் தந்த அதே கென் தாம்சனுமே. சில டெர்மினல்களில் கொம்பும் காலும் சற்று இடம் மாறித் தோன்றலாம். கோப்பினுள் எழுத்துப் பிழைபடாது. பெயரின் நடுவே இடைவெளி விடாமல், "வரவுசெலவு" என்று சேர்த்து எழுதுவது நலம். நானோ இடைவெளி வரவுசெலவு என்று தட்டினால் (என், ஏ, என், ஓ என்பன அதன் எழுத்துகள்) எழுதுவதற்குரிய ஏடு திறக்கும். வரிக்கொன்றாகத் தேதி, பொருள், தொகை என எழுதி, கண்ட்ரோலுடன் ஓ தட்டி, கேட்கும் பெயருக்கு என்டர் அழுத்திப் பதிவு செய்து, கண்ட்ரோலுடன் எக்ஸ் தட்டி வெளியே வருக. சி.ஏ.டி. என்பதுடன் கோப்பின் பெயரைச் சேர்த்தால் எழுதியது முழுவதும் திரையில் தோன்றும்.

மூன்றாவது, படியெடுத்தலும் பெயர்த்தலும். சி.பி. என்பது படியெடுக்கும். பழைய பெயரை முதலிலும் புதிய பெயரைப் பின்னரும் சொல்லுக. எம்.வி. என்பது ஒன்றை வேறிடத்திற்கு மாற்றும். பெயர் மாற்றுவதற்கும் அதுவே. அப்பெயரில் வேறொரு கோப்பு ஏற்கெனவே இருப்பின், இவை கேளாமலே அதன்மேல் எழுதிவிடும். ஆகவே இரண்டோடும் சிறுகோடு ஐ என்னும் குறிப்பைச் சேர்த்துப் பழகுக. அப்போது கணினி, "மேலெழுதலாமா?" என்று கேட்ட பின்னரே செய்யும்.

நான்காவது, நீக்குதல். ஆர்.எம். என்னும் கட்டளை கோப்பை அழிக்கும். குப்பைக் கூடையில் போட்டு வைக்கும் வழக்கம் இதற்கு இல்லை. போனது போனதே. இதனுடன் சிறுகோடு ஆர் சேர்த்தால் அறையோடு அதிலுள்ள அனைத்தும் அழியும். ஆகையால் ஆர்.எம். தட்டுமுன் பி.டபிள்யூ.டி. தட்டி இடத்தையும், எல்.எஸ். தட்டிப் பொருளையும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். கையெழுத்திடுமுன் பத்திரத்தை ஒருமுறை படிப்பது போன்றது இது.

ஐந்தாவது, தேடுதல். இதுவே நமக்குப் பெரும் பயன் தருவது. ஜி.ஆர்.இ.பி. இடைவெளி முருங்கை இடைவெளி வரவுசெலவு என்று தட்டினால், ஆண்டு முழுதும் எழுதிய ஏட்டில் "முருங்கை" என்னும் சொல் வரும் வரிகள் மட்டும் கணத்தில் திரையில் வந்து நிற்கும். ஆயிரம் வரியாயினும் ஐம்பதாயிரம் வரியாயினும் அதற்கு ஒன்றே.

இவ்வரிகள் எத்தனை என்று எண்ணவேண்டின், அக்கட்டளையின் பின் ஒரு செங்குத்துக் கோடிட்டு, டபிள்யூ.சி. இடைவெளி சிறுகோடு எல் என்று சேர்க்க. இக்கோட்டிற்குக் குழாய் என்று பெயர். டக்ளஸ் மெக்கில்ராய் என்பார் வற்புறுத்த, 1973-இல் யூனிக்ஸில் சேர்க்கப்பட்டது இது. அரிசி ஆலை வைத்திருப்போர்க்கு இதனை விளக்க வேண்டியதே இல்லை. நெல்லைச் சுத்தம் செய்யும் பொறி ஒன்று, உமி நீக்குவது ஒன்று, தவிடு நீக்குவது ஒன்று. ஒவ்வொன்றும் ஒரு வேலையையே செய்து, தான் செய்ததை அடுத்ததன் வாயில் கொட்டுகிறது. லினக்ஸ் கட்டளைகளும் அவ்வாறே சிறு பொறிகள். அவற்றை வரிசையாகப் பொருத்தும் அறிவே நமக்கு வேண்டியது.

ஆறாவது, உதவி கேட்டல். எம்.ஏ.என். என்பதுடன் எந்தக் கட்டளையின் பெயரைச் சேர்த்தாலும் அதன் விளக்கம் முழுவதும் வரும். படித்தபின் க்யூ என்னும் எழுத்தைத் தட்டினால் வெளியே வரலாம். மேல்நோக்கிய அம்பு விசை முன்பு தட்டிய கட்டளைகளைத் திரும்பக் கொணரும். டேப் விசை பாதி எழுதிய பெயரை முடித்துத் தரும். ஓடுகின்ற வேலையை நிறுத்தக் கண்ட்ரோலுடன் சி தட்டுக.

இறுதியாக, எஸ்.யூ.டி.ஓ. என்னும் சொல்லைப் பற்றி எச்சரிக்கை ஒன்று. இதனைக் கட்டளையின் முன் சேர்த்தால், இயந்திரத்தின் சர்வாதிகாரமும் அக்கட்டளைக்குக் கிட்டும். கடவுச்சொல் கேட்கும்; அதைத் தட்டும்போது பெரும்பாலும் திரையில் யாதும் தோன்றாது. விசைப்பலகை கெட்டுவிட்டதென்று மயங்கவேண்டாம்; பக்கத்தில் இருப்போர் எழுத்தின் எண்ணிக்கையையும் அறியக்கூடாது என்பதற்காகவே அவ்வாறு வைத்துள்ளனர். முகமறியாத ஒருவர் தொலைபேசியிலோ இணையத்திலோ, "இதைத் தட்டும்" என்று சொல்லும் கட்டளையைப் பொருள் அறியாமல் ஒருபோதும் தட்டற்க. நான் முதலில் கூறிய கைநாட்டு அதுவே.

சகோதரர்களே! நான் சொன்னவை ஏறக்குறையப் பன்னிரண்டு சொற்கள். நாளொன்றுக்கு அரைமணி நேரம் அமர்ந்தால் ஒரு மாதத்தில் கைவந்துவிடும். செவியால் கேட்டு மறப்பதைவிட விரலால் தட்டிப் பழகுவதே இதற்குரிய பாடம். தமிழில் நூல்களும் உண்டு. 2012 ஜனவரி முதல் "கணியம்" என்னும் மின்னிதழ் இவ்விஷயங்களைத் தமிழில் இலவசமாக வெளியிட்டு வந்துள்ளது. து. நித்யா என்னும் அம்மையார் இயற்றிய "எளிய தமிழில் குனு/லினக்ஸ்" என்னும் நூல் தமிழ் வழியில் பயின்றவர்க்கு நல்ல துணையாகும்.

சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். வீடுகளில் உறங்கும் பழைய மடிக்கணினிகளைத் திரட்டி, ஞாயிறு தோறும் காலையில் ஒரு வகுப்பு நடத்துவது பெருஞ்செலவாகாது. அதில் ஆண்பிள்ளைகளுக்குச் சமமாகப் பெண்பிள்ளைகளையும் அமர்த்தவேண்டும். மடிக்கணினி பெற்ற பெண்கள் மணமாகிச் சென்றபின் அந்த அறிவும் பீரோவுக்குள் போய்விடலாகாது. மற்றொன்று: குலமும் தேசமும் கேளாமல் எவரெவரோ உழைத்து, எல்லார்க்கும் பொதுவென்று கொடுத்த பொருள் லினக்ஸ். அதனைக் கற்பிக்கும் வகுப்பின் கதவை நம்மவர்க்கு மட்டும் திறந்து வைத்தல் முறையாகாது. நம் தறிகளிலும் ஆலைகளிலும் நம்மோடு உழைக்கும் எல்லாக் குலத்தார் மக்களும் அதே பாயில் அமர்ந்து படிக்கட்டும். நம் முன்னோர் செய்த கல்வித் தருமத்தை நாம் வளர்ப்பது அவ்விதமே.