பாதியில் நின்ற வேலை

(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்கு ஒதுக்கியிருப்பது பத்து நிமிஷம். செயலாளர் அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பிப்பதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

ஒரு வேலையை எப்படி ஆரம்பிப்பது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். முடித்தவனுக்கு மாலை போடவும் ஆள் உண்டு. நடுவிலே நிற்கிறவனைத்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. இறுதியாண்டு புராஜெக்ட் ஜனவரி மாசம் அப்படியே நின்றுபோகும். முத்தமிழ் விழாவுக்கு எழுத ஆரம்பித்த நாடகம் இரண்டாவது காட்சியோடு நிற்கும். கேட்டால், "மூடு வரலை அண்ணே" என்பார்கள். மூடு எங்கேயாவது பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கிறதா என்ன? அநேகமாக வேறு ஏதோ ஒன்று இடிக்கிறது. அது என்ன என்பதுதான் என் பேச்சு.

நான் கட்டுமானத்துறைக்காரன். அதனால் சிட்னி ஆப்பரா ஹவுஸைப் பற்றிச் சொல்கிறேன். படத்தில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். 1957ல் அதற்கான போட்டியில் ஜெயித்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சன். அப்போது அவருக்கு வயது 38. கடலோரத்தில் பாய் விரித்தாற்போல் கூரைகள். பிரமாதமான ஓவியம். ஆனால் அந்த வளைவுக்குக் கணக்கு கிடையாது. கையால் போட்ட கோடு, அவ்வளவுதான். கணக்குப் போட வந்தவர்கள் லண்டனிலிருந்த ஓவ் ஆரப் கம்பெனிப் பொறியாளர்கள். அவர்கள் பரவளையம் என்று ஒரு வருஷம், நீள்வட்டம் என்று ஒரு வருஷம் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரு டஜன் விதமாக முயன்றும் கூரை நிற்கவில்லை. நின்றாலும் கட்ட முடியாது.

ஏன் கட்ட முடியாது? நம் ஊர் மேஸ்திரி கேட்கிற கேள்விதான்: "சார், இதுக்கு சென்ட்ரிங் எப்படி அடிக்கிறது?" ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு வளைவு. ஒரு துண்டுக்குச் செய்த அச்சு அடுத்த துண்டுக்கு உதவாது. அத்தனைக்கும் தனித்தனி அச்சு என்றால் எந்த கஜானா தாங்கும்? இதற்கிடையே, அரசியல் அவசரத்தில் 1959லேயே அடித்தளம் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கூரையின் எடை தெரியாமலே தூண் எழுப்பினார்கள். பிறகு அதில் பலவற்றை இடித்துப் பலமாகத் திரும்பக் கட்ட வேண்டி வந்தது. (கான்ட்ராக்டர் நண்பர்கள் சிரிப்பது கேட்கிறது!)

1961ல் முடிச்சு அவிழ்ந்தது. எப்படி? அதுவரை எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, "இந்த வளைவை எப்படிக் கணக்கிடுவது?" அதை விட்டுவிட்டு, "எந்த வளைவாக இருந்தால் ஒரே அச்சைத் திரும்பத் திரும்பப் போடலாம்?" என்று திருப்பிக் கேட்டார்கள். மாம்பழத்தோலை இரண்டு இடத்தில் நறுக்கிப் பாருங்கள். வளைவு வேறு வேறாக இருக்கும். ரப்பர் பந்தை எங்கே வெட்டினாலும் வளைவு ஒன்றுதான். எல்லாக் கூரைகளையும் சுமார் 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே உருண்டையிலிருந்து வெட்டி எடுத்ததாக வைத்துக்கொண்டார்கள். கணக்கும் வந்தது, அச்சும் வந்தது. அந்த யோசனை முதலில் கட்டடக் கலைஞருக்கு வந்ததா, பொறியாளருக்கு வந்ததா என்று இன்றும் இரண்டு கட்சி உண்டு. நான் எந்தக் கட்சி என்று நீங்களே ஊகிக்கலாம்.

ஒன்றைக் கவனியுங்கள். அவர் முதலில் வரைந்த கூரை தாழ்வாக, லேசாக இருந்தது. கட்டியது நிமிர்ந்து, கனமாக இருக்கிறது. முதல் படத்தை விட்டுக்கொடுத்தபிறகுதான் வேலை நகர்ந்தது. நாடகம் எழுதுகிற தம்பிக்கும் இதுவே. முதல் நாள் மனசில் தோன்றிய அந்தக் கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டு தொங்கினால் மூன்றாவது காட்சி வரவே வராது.

இன்னொரு பாதியையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆட்சி மாறியது. பணத்தகராறு வந்தது. 1966ல் உட்சன் ராஜினாமா செய்துவிட்டு ஊர் திரும்பினார். 1973ல் திறப்பு விழா நடந்தது. 2008ல் இறக்கும்வரை, முடிந்த கட்டடத்தை அவர் நேரில் பார்க்கவேயில்லை.

நம் பக்கத்துக்கு வருகிறேன். 1880ல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையரிடம், முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார், "சீவக சிந்தாமணி படித்திருக்கிறீரா?" என்று கேட்டார். சைவ மடத்தில் ஊறிப் படித்தவர் ஐயர். சிந்தாமணியோ ஜைன காவியம். எடுத்துப் படித்தால் பாதியில் முட்டுகிறது. இலக்கணம் தெரியும், சொல் தெரியும், ஆனால் அந்தச் சமயத்தின் சங்கதி தெரியவில்லை. ராத்திரி முழுக்க ஏட்டையே முறைத்துப் பார்த்தாலும் அது வந்திருக்காது. அவர் என்ன செய்தார்? அதே கும்பகோணத்தில் இருந்த ஜைனர் வீடுகளுக்குப் போய்க் கேட்டார். அவர்களோ அதைப் பரம்பரையாகப் பாராயணம் செய்து வருகிறவர்கள்! கூப்பிடு தூரத்தில் இருந்தது விடை.

அடுத்து இன்னொரு முட்டு. நச்சினார்க்கினியர் உரையில் வரும் மேற்கோள்கள் எந்த நூலில் உள்ளவை என்று தெரியவில்லை. அதைத் தேடப்போய்த்தான் சங்க நூல் ஏடுகளுக்குள் நுழைந்தார். 1887ல் சிந்தாமணி அச்சாகியது. 1889ல் பத்துப்பாட்டு, 1892ல் சிலப்பதிகாரம், 1894ல் புறநானூறு. முட்டிய இடமே வாசலாகிவிட்டது என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் ஏழு வருஷ உழைப்பை அப்படி ஒரு வரியில் சொல்வது நியாயமில்லை.

சிட்னியில் கேள்வி தப்பு. கும்பகோணத்தில் கேள்வி சரி, விடைதான் அடுத்த தெருவில் இருந்தது. தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: "நின்றுபோச்சு" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். எது தெரியாததால் நிற்கிறது என்று ஒரு காகிதத்தில் ஒரே வாக்கியமாக எழுதப் பாருங்கள். எழுத வரவில்லையென்றால், அந்தத் துறையே தெரியாத ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கள் சைட்டில் எத்தனையோ டிசைன் சிக்கல், டீ குடிக்கும்போது மேஸ்திரி, "புரியலையே சார்" என்று சொன்ன இடத்தில்தான் பிடிபட்டிருக்கிறது. வெறும் களைப்பு என்றால், தூங்கி எழுந்தால் போதும். அதற்குத் தத்துவம் வேண்டாம்.

பிப்ரவரி பிறந்தால், "பேசாம புராஜெக்ட் சென்டர்ல ரெடிமேடா வாங்கிடலாம்டா" என்ற பேச்சு ஹாஸ்டலில் கிளம்பும். வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். நான் கேட்கிற முதல் கேள்வி, "உங்க புராஜெக்ட் எங்கே நின்னுது?" வாங்கி வந்தவர் விழிப்பார், அவருடையது எங்கேயும் நின்றிருக்காது. தானே செய்தவர், பாதிதான் முடித்திருந்தாலும், பத்து நிமிஷம் பேசுவார். நான் யாரைத் தேர்ந்தெடுப்பேன் என்று நினைக்கிறீர்கள்?

செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார். தேநீர் இடைவேளைக்குப் பிறகு நானும் எங்கள் செட் நண்பர்கள் சிலரும் சிவில் பிளாக் வராந்தாவில் இருப்போம். பாதியில் நிற்கிற எதையும் கொண்டு வாருங்கள். புராஜெக்டோ, கவிதையோ, எதுவானாலும் சரி. கூச்சப்பட வேண்டாம்.